பொருள்: மறுமதிப்பீடு கோருதல் தொடர்பாக

இங்கிலாந்து,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்க எழுதி அனுப்பின மனு கிடைச்சுது. பொருள், பார்வை, 'மேற்படி', 'மேலும் பணிந்து தெரிவிப்பதாவது', ஒண்ணும் விடலை. தாலுகா ஆபீஸை விட்டு நீங்க வந்துட்டீங்க, தாலுகா ஆபீஸ் உங்களை விடலை. கடைசியில 'நகல்: மாட்சிமை தங்கிய மன்னர் அவர்கள், பக்கிங்ஹாம் அரண்மனை, தகவலுக்காகவும் தக்க நடவடிக்கைக்காகவும்'னு போட்டிருந்தீங்களே, அந்த வரியை எங்க வீட்டு கோட்டயம் சேச்சிக்கு வாசிச்சுக் காட்டினேன். குடிச்சிட்டிருந்த டீ புரை ஏறிப்போச்சு அவளுக்கு.

ஆனா அப்பா, இந்த மனுவை இங்க யாருக்கும் அனுப்ப முடியாது. ஏன்னு விவரமா எழுதுறேன். ஆச்சி வேற தம்பிகிட்ட கேட்டாளாமே, 'ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில ஊருக்கே ஊசி போட்ட பிள்ளைய, பொம்மைக்குப் போடத் தெரியலன்னு பெயிலாக்கிட்டானுவளாமே'ன்னு. அவளுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம். சத்தமா வாசிச்சுக் காட்டுங்க. சித்தி வந்திருந்தா வேண்டாம்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். ஊசியில நான் பாஸ்.

இங்க நர்ஸ் பதிவேட்டுல பேர் ஏறணும்னா ரெண்டு பரீட்சை. கம்ப்யூட்டர்ல எழுதுறதை ஊர்ல இருக்கும்போதே முடிச்சாச்சு. அடுத்தது இங்க வந்து செய்துகாட்டுற செய்முறைத் தேர்வு, ஆஸ்கின்னு சொல்லுவாங்க. 2021 ஆகஸ்ட்ல இருந்து அதுல 10 ஸ்டேஷன். மணி அடிச்சா உள்ளே போகணும், மணி அடிச்சா வெளியே வரணும். உள்ளே நோயாளியா ஒரு நடிகர் படுத்திருப்பார், இல்லைன்னா ஒரு பொம்மை. மூலையில தேர்வாளர். சில ஸ்டேஷன்ல வாயே திறக்காம உட்கார்ந்து எழுதணும். மத்ததுல எல்லாம் வாயை மூடவே கூடாது.

அந்த வாய் மூடாத ஸ்டேஷன்தான் ஆளைக் கொல்லுது. செய்றதை எல்லாம் சொல்லிக்கிட்டே செய்யணும். 'இப்போ திரையை இழுத்து மறைக்கிறேன். இப்போ மருந்தோட காலாவதித் தேதியைப் பார்க்கிறேன்.' நைட் ட்யூட்டியில நாம ஒரு வார்த்தை பேசினா வரிசையா நாலு பேர் எழுந்து உட்கார்ந்துக்குவாங்கன்னு, ராத்திரி முழுக்க சைகையிலயே வார்டை ஓட்டினவ நான். இங்க நான் மனசுக்குள்ள செய்தது எதுவும் கணக்குல வராது. தேர்வாளர் காதுல விழுந்தாதான் நடந்ததா அர்த்தம்.

எங்க ஆஸ்பத்திரியில பயிற்சி கொடுக்கிற அம்மா முதல்நாள் மேஜை மேல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஸ்பாஞ்சை வெச்சாங்க. ஊசி போடுன்னாங்க. போட்டேன். 'அனுமதி வாங்கலையே'ன்னாங்க. யார்கிட்டன்னு கேட்டேன். ஸ்பாஞ்சைக் காட்டினாங்க. மறுபடி ஆரம்பிச்சேன். 'வணக்கம், என் பேர் செல்வி. இன்னைக்கு உங்களைக் கவனிச்சுக்கப் போற நர்ஸ். உங்களை எப்படிக் கூப்பிடட்டும்? பிறந்த தேதி சொல்ல முடியுமா? உங்களுக்கு ஒரு ஊசி போடணும், சம்மதமா?' நம்ம ஊர்ல மௌனம் சம்மதம். இங்க மௌனத்துக்கு மார்க் கிடையாது. ஸ்பாஞ்சுக்காக நானே சரின்னு சொல்லி, நானே அதுக்கு நன்றி சொல்லி, வலிச்சா சொல்லுங்கன்னு கேட்டு, அப்புறம்தான் ஊசி.

இது வீட்டுக்கும் தொத்திக்கிச்சு. இங்க நாலு பேரும் இதே பரீட்சைக்காரங்கதான். சேச்சி குக்கர் மூடியைத் திறக்கிறதுக்கு முந்தி அதுகிட்ட அனுமதி கேட்கிறா. பிலிப்பைன்ஸ் பொண்ணு பிரிட்ஜைத் திறந்து, பால் பாக்கெட்டோட தேதியை சத்தமா வாசிச்சு, 'அலர்ஜி எதுவும் இருக்கா'ன்னு என்னைப் பார்த்துக் கேட்டுட்டுத்தான் டீ போடுறா. பஸ்ல பக்கத்து சீட்டுக்காரர் மூச்சை அவருக்குத் தெரியாம முழுசா ஒரு நிமிஷம் எண்ணிட்டேன். 18. நார்மல்தான்.

கை கழுவுறதுக்கும் இங்க ஒரு ஆள் பேர்ல முறை இருக்கு அப்பா. பர்மிங்ஹாம்ல அய்லிஃப்னு ஒரு டாக்டர் 1978ல எழுதிவெச்சது. உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண்ணுன்னு வரிசை தப்பக்கூடாது. சோப்புப் போட்டா, அலசித் துடைக்கிற வரைக்கும் சேர்த்து 40ல இருந்து 60 வினாடி. அதுல தேய்க்கிற நேரத்துக்கு 'ஹேப்பி பர்த்டே' பாட்டை ரெண்டு தடவை மனசுக்குள்ள பாடிக்கச் சொல்றாங்க. பிறந்தநாள் யாருக்குமே இல்லாம நான் பாடிட்டே இருக்கேன். அதோட 2008ல இருந்து முழங்கைக்குக் கீழ வளையல் எதுவும் இருக்கக் கூடாதுன்னு ஆஸ்பத்திரி விதி. அம்மா போட்டு அனுப்பின வளையல் டிராயர்ல இருக்குன்னு அவகிட்ட சொல்லிடாதீங்க.

சரி, நடந்த கதைக்கு வர்றேன். மருந்து கொடுக்கிற ஸ்டேஷன், 15 நிமிஷம். எல்லாத்தையும் அழகா சொல்லிட்டே வர்றேன். பேர் கேட்டாச்சு, கைப்பட்டையில பார்த்தாச்சு, சார்ட்டோட ஒப்பிட்டாச்சு. 'உங்களுக்கு ஏதாவது மருந்து ஒத்துக்காதா'ன்னு வாயைத் திறக்கிறேன், கட்டடம் முழுக்க தீயணைப்பு அலாரம் அலறுது. நெருப்பு ஒண்ணும் இல்லை. இந்த நாட்டுல வாரத்துக்கு ஒரு தடவை அலாரத்தை அடிச்சுப் பார்த்துக்குவாங்க. நோயாளி அம்மா காதைப் பொத்திக்கிட்டே 'பெனிசிலின்'னு கத்தினா. நல்ல நடிகை. தேர்வாளர் கூரையைப் பார்த்துட்டிருந்தார். அலாரம் நின்னுது, கடிகாரம் நிக்கலை. நானும் நிக்கலை. சார்ட்ல இருந்த அமாக்ஸிசிலினைக் கொடுக்காம, ஏன் கொடுக்கலைன்னு காரணமும் எழுதிட்டு வந்தேன்.

அஞ்சு வேலை நாள்ல மெயில் வந்துது. ஒன்பதுல பாஸ். அந்த ஒண்ணுல மட்டும், 'ஒவ்வாமை பற்றி நோயாளியிடம் கேட்கவில்லை'ன்னு ஒரே வரி. கேட்காமலா அமாக்ஸிசிலினை நிறுத்தினேன், ஜோசியம் பார்த்தா? அதுக்கும் பதில் இருக்கு: சார்ட்லயே அலர்ஜி கட்டத்துல எழுதியிருக்கே, அதைப் பார்த்து நிறுத்தியிருக்கலாமே.

இங்கதான் உங்க மனு உடையுது. நீங்க கேட்கிறது மறுமதிப்பீடு. இங்க அது கிடையாது. தேர்வாளர் போட்ட மதிப்பெண் சரியா தப்பான்னு மேல இருக்கிறவங்க பார்க்கவே மாட்டாங்க. அது அவரோட தொழில் ரீதியான தீர்ப்பு, அவ்வளவுதான். அப்பீல்ல கேட்கக்கூடியது, தேர்வு நடத்தின முறையில கோளாறு இருந்துதா, தேர்வாளர் பாரபட்சமா நடந்துக்கிட்டாரா, இந்த மாதிரி மட்டும்தான். தம்பி பிளஸ் டூல பிசிக்ஸுக்குப் பணம் கட்டி மூணு மார்க் ஏத்தி வாங்கினீங்களே, அந்த வித்தை இங்க பலிக்காது. நான் கேள்வி கேட்டேன்னு நிரூபிச்சாலும் பிரயோஜனம் இல்லை. அலாரம் அடிச்சுதுன்னு நிரூபிச்சா போதும். அவங்களுக்கு அலாரம் சத்தம்தான் கேட்கும், என் குரல் கேட்காது.

2011ல உச்ச நீதிமன்றமே விடைத்தாளை மாணவர்களுக்குக் காட்டச் சொல்லிடுச்சேன்னு எழுதியிருந்தீங்க. வாஸ்தவம், அது நம்ம ஊர். இங்க 2018ல வந்த தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, பரீட்சையில நான் எழுதினதை எனக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. அதைப் பத்தி தேர்வாளர் எழுதின குறிப்பைக் கேட்டா மட்டும் கொடுக்கணும். நான் என்ன எழுதினேன்னு எனக்குத் தெரியாது, அதைப் பத்தி அவர் என்ன நினைச்சார்னு தெரியலாம். இதை யோசிச்ச ஆள் நிச்சயமா ஏதோ ஒரு தாலுகா ஆபீஸ்லதான் வேலை பார்த்திருப்பார்.

இன்னும் கேளுங்க. அப்பீல்ல ஜெயிச்சா பாஸ் போட மாட்டாங்க. அந்தத் தடவை எழுதினதே இல்லைன்னு ஆக்கிடுவாங்க. மறுபடி எழுதலாம். அதாவது வெற்றி பெற்றவருக்குப் பரிசு, பரீட்சை.

இருந்தாலும் அப்பீல் போட்டிருக்கேன். தேர்வுல பக்கத்து அறையில இருந்த நைஜீரியா சிஸ்டரும் போட்டிருக்கா. அவளுக்கு அலாரம் அடிச்சது நோயாளியோட மூச்சை எண்ணும்போது. என் மனு அரைப் பக்கம்தான். என்ன கிழமை, எத்தனை மணி, எந்த ஸ்டேஷன், கடிகாரத்தை நிறுத்தலை. 'உள்நோக்கத்துடன்'ங்கிற உங்க வார்த்தையை எடுத்துட்டேன், மன்னிச்சுக்குங்க. அந்தத் தேர்வாளர், நான் வெளியே வரும்போது கதவைத் திறந்து பிடிச்சு 'ரொம்பச் சத்தம், இல்லையா'ன்னு சொன்னவர்.

பதில் வர்ற வரைக்கும் சும்மா இருக்கவும் முடியாது. விசா விதிப்படி வேலைக்குச் சேர்ந்த 8 மாசத்துக்குள்ள பேர் பதிவாகணும். அப்பீல் போட்டதால அந்தக் கணக்கு நிக்காது. அதனால மறு தேர்வுக்கும் பணம் கட்டிட்டேன். முழுப் பரீட்சைக்கு 794 பவுண்ட், மறு தேர்வுக்கு 397. ஒரு ஸ்டேஷனா இருந்தாலும் சரி, ஏழா இருந்தாலும் சரி, அதே 397தான். நான் ஒண்ணே ஒண்ணுலதானே போனேன்? இன்னும் ஆறுல போயிருந்தா காசுக்குக் கட்டுபடியாகியிருக்கும்.

பணம் கூடப் பெரிசில்லை அப்பா. பேர் ஏறாத வரைக்கும் நான் இங்க நர்ஸே இல்லை. சட்டை வேற நிறம், சம்பளம் ஒரு படி கீழே, ஒரு பாரசிட்டமால் எடுத்துக் கொடுக்கக் கூடாது. போன வாரம் ஜன்னலோரக் கட்டில்ல ஒரு தாத்தா, ராத்திரி சாப்பாட்டைத் தொடலை. ஆள் முகமே சரியில்லை. எண்ணிப் பார்த்தேன். மூச்சு 25, ஆக்சிஜன் 91, நாடி 112, காய்ச்சல் 38.4. இங்க ஒவ்வொண்ணுக்கும் புள்ளி போட்டுக் கூட்டணும். 7 வந்தாலே அவசரம், அவருக்கு 9. நான் சொல்லித்தான் டாக்டர் ஓடி வந்தார். சார்ட்ல மேலொப்பம் போட்டது இப்பத்தான் காலேஜ் முடிச்சு வந்த பிள்ளை. நல்ல பிள்ளை. கையெழுத்தைப் போட்டுட்டு, மெதுவா என் பக்கம் திரும்பி, 'அடுத்து என்ன செய்யணும்'னு கேட்டா. சொல்லிக்கொடுத்தேன். தாத்தா பிழைச்சுக்கிட்டார். மறுநாள் என்னைப் பார்த்து, 'நீ நர்ஸ் ஆகலாம்மா, நல்லா வருவே'ன்னார். ஆச்சிக்கு இதை மட்டும் ரெண்டு தடவை வாசிச்சுக் காட்டுங்க.

கடைசியா ஒரு விஷயம், அம்மாகிட்ட நீங்கதான் பக்குவமா சொல்லணும். மறு தேர்வுக்குக் கிடைச்ச தேதி, சித்தி மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள். டிக்கெட்டை கேன்சல் பண்ணிட்டேன். சித்திகிட்ட லீவு கிடைக்கலைன்னு சொல்லிடுங்க, பரீட்சைப் பேச்சே வேண்டாம். மொய் என் பேர்ல 1001 எழுதுங்க. பவுண்டுல சம்பாதிக்கிற பிள்ளை 5001 வைக்கலைன்னா என்ன நினைப்பாங்கன்னு அம்மா ஆரம்பிப்பா. விட்டுக்கொடுத்துடாதீங்க. இங்க 397 கட்டினவ நான். மிச்சத்தை கல்யாணப் பொண்ணோட வளைகாப்புக்குச் சேர்த்துச் செய்துக்கலாம், அதுக்குள்ள எப்படியும் பாஸ் ஆயிடுவேன்.

இப்படிக்கு,
உங்க மகள்
செல்வி