எறிய டிக்கெட் இல்லை

கேள்வி: கால்பந்து நடுவர்மீது ரசிகர்கள் எதையாவது வீசினால், அவர் பொறுத்துக்கொண்டு ஆட்டத்தை நடத்தத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. டிக்கெட் வாங்கியவர் தொண்டை கிழியக் கத்தலாம்; குறிபார்த்து எறிய எந்த கவுன்டரிலும் டிக்கெட் விற்பதில்லை! பார்வையாளர் வீசிய பொருள் தாக்கினால், அதன் தீவிரத்தைப் பொறுத்து ஆட்டத்தைத் தொடரவோ நிறுத்தவோ அடியோடு கைவிடவோ கால்பந்தின் 5-ஆம் விதி நடுவருக்கு உரிமை தருகிறது.

2004 செப்டம்பரில் ரோமா - டைனமோ கீவ் சாம்பியன்ஸ் லீக் ஆட்டம். இடைவேளைக்கு உள்ளே சென்றுகொண்டிருந்த ஸ்வீடன் நடுவர் ஆண்டர்ஸ் ஃபிரிஸ்கின் தலையில் கூட்டத்திலிருந்து பறந்து வந்த பொருள் பட்டு ரத்தம் வழிந்தது. இரண்டாம் பாதி நடக்கவே இல்லை. கீவுக்கு 3-0 வெற்றி. ரோமாவுக்கு ஆளில்லாத மைதானத்தில் இரண்டு ஆட்டங்கள். சரியான தண்டனைதான். ஆனால், அடுத்த ஆண்டே பார்சிலோனா - செல்சி ஆட்டத்துக்குப் பிறகு வந்த கொலை மிரட்டல்களால் ஃபிரிஸ்க் விசிலையே துறந்தார். அருமையான நடுவரைக் கால்பந்து இழந்தது.

2022 மார்ச்சில் ஜெர்மனியின் போஹும் நகரில் உதவி நடுவரின் தலையில் பீர் கோப்பை விழுந்ததும் ஆட்டம் கைவிடப்பட்டது.

வசவுக்கு நடுவர் வாய் திறக்க வேண்டாம். பொருள் பறந்து வந்தால் ஆட்டத்தை நிறுத்தி, காவலர்களை அழைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் அறிக்கையில் எழுதட்டும். சங்கம் கிளப்பைத் தண்டிக்க அதுவே சாட்சி.