கறுப்பைக் கண்டு மிரளாதீர்கள்!

ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘ஹைப்போஎக்கோயிக் பகுதி’ என்று போட்டிருக்கிறார்கள். கேன்சருங்களா டாக்டர்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பல்லடம்

புராஸ்டேட்டில் ஓரிடத்திலிருந்து எதிரொலி குறைவாக வந்திருக்கிறது. ரிப்போர்ட் சொல்வது அவ்வளவுதான். மிச்சத்தை நீங்களே எழுதிக்கொண்டீர்கள், வாத்தியாரய்யா. புராஸ்டேட்டின் வெளிப்பகுதி முழுக்கச் சின்னச் சின்ன சுரப்பிப் பைகள். ஒவ்வொரு பையின் சுவரிலும் ஒலி மோதிச் சிதறித் திரும்புவதால், திரையில் சீரான வெளிர்சாம்பல் தெரியும். புற்று வந்தால் செல்கள் பெருகிப் பைகளின் உள்ளிடத்தை அடைத்துக்கொள்ளும். மோதச் சுவர் குறைந்ததும் அந்த இடம் கறுக்கிறது. ஆனால் அழற்சியும் இதே கறுப்பைக் காட்டும். பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை, எம்ஆர்ஐ, தேவைப்பட்டால் பயாப்ஸி. அதற்குப் பிறகுதான் தீர்ப்பு.

அப்பக் கறுப்பு இல்லீனா தப்பிச்சேன்னு அர்த்தமுங்களா?
– தோப்புக்காரர், பொள்ளாச்சி

கீற்றுக்கு அடியில் ஒட்டிய வெள்ளை ஈயை மேலே இருந்து பார்த்துப் பிடித்திருக்கிறீர்களா? சில புற்றுகள் சுற்றியுள்ள திசுவின் அதே சாம்பலில் கமுக்கமாக உட்கார்ந்திருக்கும். பயாப்ஸியில் கறுத்த இடத்தை மட்டும் குத்தாமல், பத்துப் பன்னிரண்டு இடத்தில் சதை எடுப்பது அதனால்தான்.

வெள்ளையாக் கல்லு தெரியுதாமா. ஆபரேஷனுங்களா?
– மில் ஃபிட்டர், சிங்காநல்லூர்

சுரப்பி நீர் உறைந்து சுண்ணாம்பு ஏறிய மணிகள். பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும். நீங்களும் சும்மா இருங்கள்.

வயித்துமேல வெச்சுப் பார்த்தாப் பத்தாதாம், ஆசனவாய் வழியாப் பார்க்கோணுமாம். மானம் போகுதுங்க!
– பனியன் கம்பெனிக்காரர், திருப்பூர்

தண்ணீர் குடிக்கவைத்து வயிற்றின்மேல் பார்ப்பது அளவுக்கு: நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி, அதை 0.52-ஆல் பெருக்குவார்கள். உள்ளமைப்பு துல்லியமாகத் தெரியக் கிட்டப் போகவேண்டும். புராஸ்டேட் மலக்குடலை ஒட்டியே இருக்கிறது. சுமார் 70 சதவீதப் புற்றுகள் தோன்றும் வெளிப்பகுதியும் அந்தப் பக்கம்தான். இந்த முறையை வளர்த்த ஜப்பானியர் ஹிரோகி வடனாபே, நாற்காலி நடுவே கருவியை நிறுத்தி அதன்மேல் ஆளை உட்காரவைத்தார்! உங்களை ஒருக்களித்துப் படுக்கத்தான் சொல்கிறார்கள்.

வீட்டுக்காரர் ராத்திரி நாலு தடவை எந்திரிக்கறாருங்க. ஸ்கேனுக்குக் கூப்பிட்டா, ‘ஆணா பெண்ணான்னு சொல்லமாட்டோம்னு போர்டு இருக்கு, அது பொம்பளைங்களுக்கு’ங்கறாரு.
– குடும்பத் தலைவி, காங்கேயம்

வயதானால் புராஸ்டேட்டின் நடுப்பகுதி பெருத்துச் சிறுநீர்க் குழாயை நெருக்கும். சுரப்பியும் தசையும் நாரும் கலந்த முடிச்சுகள். ஸ்கேனில் திட்டுத்திட்டாகத் தெரியும். போர்டு 1994-ம் ஆண்டுச் சட்டப்படி மாட்டியது. கருவிலிருக்கும் குழந்தைக்குத்தான் அது பொருந்தும். உங்கள் வீட்டுக்காரர் ஆண் என்று ரிப்போர்ட்டில் தாராளமாகப் போடுவார்கள், கூட்டிப் போங்கள்.