ஜூலையிலும் கம்பளிக் குல்லா

சுவிட்சர்லாந்தின் ஜெர்மாட் ஊருக்குக் குடும்பத்தோடு பனிச்சறுக்கப் போகிறவர்களின் முதல் விபத்து சமதளத்திலேயே நடந்துவிடும். ஊருக்குள் பெட்ரோல், டீசல் கார்களுக்கு அனுமதியில்லை. கீழே டேஷ் கிராமத்தில் காரை நிறுத்திவிட்டு 12 நிமிடம் ரயிலில் வரவேண்டும். குடும்பத்தின் அத்தனை சறுக்குக் கட்டைகளையும் தோளில் சாத்திக்கொண்டு நிற்பவர் அப்பா. பின்னாலிருந்து பிள்ளை கூப்பிட்டால் அவர் திரும்புவார், கட்டைகளும் திரும்பும். அந்த நொடியில் சட்டென்று குனிகிறவர்கள் ஏற்கெனவே ஒருமுறை வாங்கியவர்கள்.

365 நாளும் சறுக்கலாம் என்பது இந்த ஊரின் பெருமை. தியோடுல் பனியாற்றின் புண்ணியம் அது. கேபிள் கார் 3,883 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். ஐரோப்பாவில் இதைவிட உயரமான கேபிள் கார் நிலையம் கிடையாது. பல நாட்டு தேசிய அணிகள் கோடைப் பயிற்சிக்கு வருவது இங்கேதான். வெயில் ஏறினால் பனி இளகிவிடும் என்பதால் காலையிலேயே கிளம்பி மதியத்துக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். விடுமுறையென்றால் பத்து மணி வரை தூங்கலாம் என்று நம்பி வந்த கல்லூரிப் பையனிடம் இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. 2022 ஜூலையில் வெப்பம் தாங்காமல் பனியாறே விடுப்பு எடுத்தது. கோடைச் சறுக்கைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். அதில் மட்டும் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை.

உண்மையான விளையாட்டு உடுத்துவதுதான். முதலில் உடம்போடு ஒட்டும் உள்ளாடை, அதன்மேல் கம்பளி, அதன்மேல் நீர் புகாத கோட்டு, கால்சட்டை. பிறகு பூட்ஸ். கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த அதன் கொக்கிகளை ஒவ்வொன்றாக இழுத்து மாட்டுவதற்குள் அம்மாவுக்கு வியர்த்துவிடும். கணுக்கால் மடங்காது, படியிறங்கும்போது பக்கவாட்டில்தான் இறங்க முடியும். ஹெல்மெட், கண்ணாடி, கையுறை. எல்லாம் முடிந்து, கேபிள் கார் கதவும் திறந்த பிறகு, ஐந்து வயதுக் குழந்தை மெல்லிய குரலில் சொல்லும்: "அம்மா, ஒண்ணுக்கு வருது."

உலகத்தின் எந்தப் பனிமலையிலும் இதற்கு விலக்கில்லை.

குழந்தைகள் கற்றுக்கொள்ளும் வேகம் பெற்றோரின் மானத்தைக் காப்பாற்றாது. வேகம் குறைக்கக் கட்டைகளின் முன்நுனிகளைச் சேர்த்துப் பின்பக்கத்தை விரிக்க வேண்டும். பயிற்சியாளர்கள் குழந்தைகளிடம் அதைப் 'பீட்சா' என்கிறார்கள். இரண்டையும் இணையாக வைத்தால் 'பிரெஞ்ச் பிரைஸ்'. இந்த மெனுவைக் குழந்தை ஒரு காலையில் கரைத்துக் குடித்துவிடுகிறது. கீழே விழுந்தாலும் அதற்குத் தரை பக்கம். ஆறடி அப்பாவோ புவியீர்ப்பு, உராய்வு என்று யோசித்துக்கொண்டே முள்வேலியை நோக்கிப் போகிறார். "பீட்சா போடுப்பா!" என்று மேலிருந்து மகள் கத்துவது சரிவு முழுக்கக் கேட்கும்.

சறுக்குவது ஓரளவு பிடிபட்டதும் அடுத்த ஆசை, எல்லை தாண்டி இத்தாலியில் மதியச் சாப்பாடு. குளிர்காலத்தில் சறுக்கிக்கொண்டே செர்வினியா கிராமத்துக்கு இறங்கிவிடலாம். பாஸ்தாவும் சுவிஸ் விலையோடு பார்த்தால் கருணையானது. சிக்கல் திரும்புவதில் இருக்கிறது. மேலே வரும் கடைசி லிப்ட் யாருக்காகவும் காத்திருக்காது. காற்று பலமாக அடித்தால் அதற்கு முன்பே நிறுத்திவிடுவார்கள். சாலை வழியாகவோ மலைத்தொடரையே சுற்றிக்கொண்டு பல மணி நேரம் வரவேண்டும். "இன்னொரு திரமிசு சொல்லலாமா?" என்று கேட்ட மாமாவைக் குடும்பமே முறைக்கும் இடம் இது. டாக்ஸிக்காரர் கூலியைச் சொன்னதும் செர்வினியாவிலேயே அறை எடுத்துத் தங்குவது சிக்கனமாகத் தோன்றும். மாற்றுத் துணி எல்லாம் ஜெர்மாட்டில்.