‘அந்தக் காலம்’ எந்தக் காலம்? கால எல்லை குறித்த ஓர் ஆய்வு

தமிழக வரலாற்றைச் சங்க காலம், களப்பிரர் காலம், பல்லவர் காலம், சோழர் காலம் என்று பகுத்துவைத்த அறிஞர்கள், மக்கள் அன்றாடம் பேசுகிற ஒரு காலத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். அதுதான் ‘அந்தக் காலம்’. இதற்குக் கல்வெட்டு இல்லை, நாணயம் இல்லை. “அந்தக் காலத்துல எல்லாம்…” என்று தொடங்கும் பேச்சுகளே ஒரே சான்று. கல்யாணப் பந்தி, ரேஷன் கடை வரிசை, ரயிலின் கீழ்ப்படுக்கை ஆகிய களங்களில் இவ்வாய்வாளர் பல்லாண்டு பாடுபட்டுத் திரட்டிய தரவுகள் இங்கே முதன்முறையாக அறிஞர் உலகின் முன் வைக்கப்படுகின்றன.

முதன்மைத் தகவலாளர் எங்கள் பெரியப்பா. அவர் கூற்றுப்படி, அந்தக் காலத்தில் எல்லோரும் கம்பங்கூழைக் குடித்து, பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு நூறு வயது வாழ்ந்தார்கள். இந்தப் பச்சை மிளகாய் ஆய்வுக்குப் பேருதவி. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி; போர்ச்சுக்கீசியர் தயவில் இங்கே வந்தது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுப் பக்கம் கரையிறங்கியது 1498இல். ஆகவே பெரியப்பாவின் பொற்காலம் அதற்கு ஒரு நாள்கூட முந்தியதாக இருக்க வழியில்லை. ராஜராஜ சோழன் மிளகாய்ப்பொடி தொட்டு இட்லி தின்றிருக்க முடியாது என்பது இதன் கிளைமுடிபு. ‘பாரம்பரிய மண்பானைச் சமையல்’ என்று பலகை மாட்டிய ஓர் உணவகத்தில் உருளைக்கிழங்கு வறுவலும் தக்காளி ரசமும் கடலைமிட்டாயும் உண்டு ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. உருளை, தக்காளி, நிலக்கடலை மூன்றுக்கும் பூர்வீகம் அதே கண்டம்தான். கம்பும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததே. ஆனால் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டதால் அதனிடம் யாரும் குடியுரிமைச் சான்று கேட்பதில்லை.

நூறு வயது விஷயம் சற்றுச் சிக்கலானது. நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகள். இதைச் சொன்னபோது, “சராசரி கெடக்குலே, நம்ம வீட்டு ஆளுங்களப் பாரு” என்றார் பெரியப்பா. பார்த்தோம். ஆச்சி பெற்றது ஒன்பது, தங்கியது நாலு. அந்த நாலில் ஒருவர்தான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறார். மற்ற ஐவர் எந்தக் காலத்தைப் பற்றியும் பேச்சுக் கொடுக்கவில்லை.

அடுத்து, இலக்கியச் சான்று. அந்தக் காலம் என்பது சங்க காலமாக இருக்கலாமே என்று கருதிப் புறநானூற்றைப் புரட்டினால் பெரும் அதிர்ச்சி. 243ஆம் பாட்டில் ஒரு கிழவர் கோலூன்றி, இருமலுக்கு நடுவே பேசுகிறார். சிறு வயதில் மருத மரக்கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் மிரள மடுவில் குதித்து, அடிமணலை அள்ளிக்கொண்டு வந்த இளமை எங்கே போயிற்று என்று இரங்குகிறார். அதாவது சங்க காலத்திலேயே அந்தக் காலம் முடிந்துவிட்டது! 112ஆம் பாட்டில் பாரி மகளிர் ஏங்குவதோ ஒரு மாதத்துக்கு முந்தைய நிலவுக்கு. அன்று தந்தையும் இருந்தார், மலையும் அவர்களுடையதாக இருந்தது. அந்தக் காலத்தின் மிகக் குறைந்த வயது ஒரு மாதம் என்று இதிலிருந்து குறித்துக்கொள்ளலாம். அந்தப் பாட்டைப் பற்றி இதற்கு மேல் விளையாட்டாக எழுத ஆய்வாளருக்குக் கை வரவில்லை.

இத்தரவுகளிலிருந்து பெறப்படும் சூத்திரம்: பேசுகிறவருக்குப் பன்னிரண்டு வயதாக இருந்த ஆண்டே அந்தக் காலம். மடுவில் குதித்த கிழவருக்கும் பெரியப்பாவுக்கும் இது கச்சிதமாகப் பொருந்துகிறது. 2011இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் விலையில்லா மிக்ஸி வந்திறங்கியபோது எங்கள் சித்தி மகனுக்கு வயது பன்னிரண்டு. “அந்தக் காலத்து மிக்ஸி சும்மா கல்லு மாதிரி இருக்கும், இப்போ வர்றதெல்லாம் பிளாஸ்டிக்” என்று அவன் சென்ற வாரம் பெருமூச்சு விட்டான்.

கல் என்றதும் ஆட்டுக்கல்லுக்கு வந்தாக வேண்டும். ஆட்டுக்கல் மாவின் ருசியைப் பற்றி உருகியவர்களில் எத்தனை பேர் மாவாட்டியவர்கள் என்று களத்தில் விசாரித்ததில், கிடைத்தவர் ஒருவருமில்லை. அனைவரும் ஆண்கள்; அனைவரும் அக்காலத்தில் இட்லியின் எதிர்ப்பக்கத்தில் அமர்ந்திருந்தவர்கள். குழவியிலிருந்து எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்திருந்தார்களோ அவ்வளவுக்கு ஏக்கமும் கூடுகிறது. குழவியைப் பிடித்துச் சுற்றியவர்களோ, கோயம்புத்தூர் கிரைண்டர் வீட்டுக்குள் நுழைந்த அன்று அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்ததோடு பேச்சை முடித்துக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டு ஆட்டுக்கல் இப்போது வாசல் திண்ணையோரம் இருக்கிறது. பெரியப்பா ஏற்பாட்டில் அதன் குழியில் தண்ணீர் விட்டுச் செம்பருத்தி மிதக்கவிடப்பட்டுள்ளது. தொண்ணூற்றிரண்டு வயது ஆச்சி போன மாதம் ஊரிலிருந்து வந்தபோது அதன் முன் அப்படியே நின்றுவிட்டாள். “பார்த்தியா, அம்மாவுக்கு அந்தக் காலம் ஞாபகம் வந்துட்டு. எழுதிக்கோ” என்றார் பெரியப்பா. ஆய்வாளர் பேனாவைத் திறந்தார்.

“இந்தச் சனியன் இன்னுமா கெடக்கு?” என்றாள் ஆச்சி.