கணக்கு ஸ்காலர்

எம்.எஸ்சி. முடித்த கையோடு பி.எட். சேர்ந்திருந்தால் வீட்டில் எல்லோருக்கும் புரிந்திருக்கும். இவர் பிஎச்.டி. என்றார். "கணக்குல இன்னும் என்னடா பாக்கி இருக்கு?" என்றார் அம்மா.

நெட், கேட், டி.ஐ.எஃப்.ஆர்., என்.பி.எச்.எம். என்று வரிசையாகத் தேர்வு எழுதுவார். நெட்டின் மூன்றாம் பகுதியில் கேள்விக்கு 4.75 மதிப்பெண். சரியான விடை ஒன்றாகவும் இருக்கலாம், நான்காகவும் இருக்கலாம். ஒன்றை விட்டாலும் பூஜ்யம். இதிலேயே ஊறியவரிடம் "காபியா, டீயா?" என்று கேட்டால் "ஆமாம்" என்பார்.

அடுத்தது சென்னை தரமணியில் உள்ள கணித ஆய்வு நிறுவனத்தில் நேர்முகத் தேர்வு. கரும்பலகை அருகே நிற்கவைத்து, "உங்களுக்குப் பிடித்த பாடம் எது?" என்பார்கள். உபசாரம் என்று நினைத்து, "லீனியர் அல்ஜீப்ரா சார்" என்று வாயைக் கொடுப்பார். "அப்படியா! டயகனலைஸ் பண்ண முடியாத இரண்டுக்கு இரண்டு மேட்ரிக்ஸ் ஒன்று எழுதுங்களேன்." எழுதுவார், அழிப்பார், மறுபடி எழுதுவார், டஸ்டரைத் தேடப் பொறுமையின்றிச் சட்டைக் கையாலேயே அழிப்பார். திரும்பும் வழியில், மத்திய கைலாஷ் சிக்னலில் பஸ் நிற்கும்போது, மேலே 1, 1. கீழே 0, 1 என்று பளிச்சென்று விடை உதிக்கும். கண்டக்டரிடம் சொல்லி என்ன பயன்?

எப்படியோ ஓரிடத்தில் சீட் கிடைத்துவிடும். கோர்ஸ் ஒர்க் முடிந்ததும் கைடு ஒரு பிராப்ளம் கொடுப்பார். போர்டில் ஒரு வரி எழுதி, "இது டிரிவியல்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குத் தாவிவிடுவார். அந்த இரண்டு வரிக்கும் நடுவே நம்மவர் மூன்று வாரம் குடியிருப்பார். பிறகு ஜூனியர் யாராவது அதே இடத்தில் சந்தேகம் கேட்டால், கொஞ்சமும் கூசாமல், "டிரிவியல்பா" என்பார். ஸ்காலராகிவிட்டார் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

விசேஷ வீடுகளில்தான் இவருக்குக் கண்டம். பந்தியில் பக்கத்து இலை பெரியப்பாவுடையதாக இருக்கும்.

"ராமானுஜன் சிலேட்டுல போட்டே கண்டுபிடிச்சார். உனக்கு மாசம் 37,000 ரூபா தர்றாங்க. என்னடா பண்றே?"

"அவருக்கும் ஸ்காலர்ஷிப் இருந்தது பெரியப்பா. 1913-ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி மாசம் 75 ரூபா கொடுத்தது. அதுக்கு அவரும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரிப்போர்ட் எழுதிக் கொடுக்கணும்."

"கொடுத்தாரா?"

"கொடுத்தார்."

"அதுல என்ன இருந்துச்சு?"

"புதுத் தேற்றங்கள்."

"நீயும் ரிப்போர்ட் கொடுக்கிறியா?"

"கொடுக்கிறேன்."

"அதுல என்ன இருக்கு?"

இவர் ரசம் கேட்டுக் கையை நீட்டுவார்.

இப்படியே ஐந்து ஆண்டுகள் ஓடும். முன்நெற்றி சற்று அகலமாகும். ஆர்க்கைவ் இணையதளத்தில் யாராவது முந்திக்கொண்டார்களோ என்று தினமும் காலையில் பல் துலக்குவதற்கு முன்பே பார்ப்பார். கடைசியில் ஒருநாள் சினாப்சிஸ், தீசிஸ், வைவா எல்லாம் முடிந்து டாக்டராக ஊருக்கு வருவார். பெரியப்பா விடுவாரா?

"அஞ்சு வருஷமா என்னத்தைத் தேடினே?"

"சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஒரு குரூப் இருக்கான்னு தேடினேன் பெரியப்பா."

"இருக்கா?"

"இல்லை!" என்பார், முகமெல்லாம் பிரகாசமாக. "எங்கேயும் இல்லை, எப்பவும் இருக்காது. 84 பக்கத்துல நிரூபிச்சிருக்கேன்."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார்.

"இல்லேங்கிறதுக்கு ஏண்டா தரமணி, கிரமணின்னு அலைஞ்சே? என்னைக் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே!"