களப்பிரரை விரட்டிய லேப்டாப்

ஜொகூர் கூலாயின் எஞ்சின் வரலாற்றை யாரும் கல்வெட்டில் பொறிக்கவில்லை. கல் இருந்தது, பொறிக்க வேண்டியவர்கள் காடிக்கு அடியில் படுத்திருந்தார்கள்.

1985 ஜூலையில் புரோட்டோன் சாகா கார் வந்தது. அதைச் சங்க காலம் என்று வைத்துக்கொள்வோம். மித்சுபிஷி உடம்பு, கார்புரேட்டர் இதயம், கணினி மூளை கிடையாது. போர்மேன் ஸ்க்ரூடிரைவரோடு குனிந்து, காதைச் சாய்த்து, "ம்ம்" என்பார். அந்த "ம்ம்"தான் டியூனிங். பவர் கூடியதா என்று கேட்டால் அவரைச் சந்தேகப்பட்டதாகும். ஆகவே கூடியது.

1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறந்தது. கூலாயைத் தாண்டினால் நேர் ரோடு, 110 கிலோமீட்டர் வரம்பு. அதே ஆண்டு வந்த பெரோடுவா கஞ்சில் காருக்கோ 660 சிசி. இந்தப் பொருத்தம் பார்த்த ஜோசியர் யாரோ! பரிகாரத்துக்கு ஜப்பானில் பாதியாய் வெட்டிக் கப்பலேற்றிய டைஹாட்சு மீராவின் டர்போ எஞ்சின் கஞ்சிலின் வயிற்றுக்குள் போனது.

பிறகுதான் களப்பிரர் காலம். 2004இல் புரோட்டோன் ஜென்-2, உள்ளே லோட்டஸ் கைபட்ட கேம்ப்ரோ எஞ்சின். 1600 சிசி, 110 குதிரைசக்தி. தாளில் கடாரம் கொண்டான். ரோட்டில் 2500இலிருந்து 3000 ஆர்பிஎம்முக்குள் இழுவை பள்ளத்தில் விழுந்துவிடும். மேடேறும் செம்பனை லோரியை நாம் முந்த நினைக்கும் இடமும் சரியாக அதுதான். களப்பிரரின் இருண்ட காலம் உண்மையில் இருண்டதா என்று பேராசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். லோரிக்குப் பின்னால் புகை குடித்தவனிடம் ஒருவரும் கேட்கவில்லை.

களப்பிரரை ஒழித்த பெருமையை வேள்விக்குடிச் செப்பேடு பாண்டியன் கடுங்கோனுக்குக் கொடுக்கிறது. இங்கே கடுங்கோன் லேப்டாப்போடு வந்தார். எந்தச் சுழற்சியில், எவ்வளவு சுமையில், எத்தனை பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று இசியு என்னும் எஞ்சின் கணினிக்குள் ஓர் அட்டவணை இருக்கிறது. அதைத் திருத்தி எழுதுவதுதான் ரீமேப். சக்தி அளக்கும் டைனோவில் ஏற்றி எடுத்த வரைபடம் நம் செப்பேடு: பழைய கோடு பாதாளத்தில், புதிய கோடு மேலே. வேள்விக்குடிச் செப்பேட்டையும் ஒரு பாண்டியன்தானே வெட்டச் சொன்னான்!

நிஜத்தில் பள்ளத்தின் வேர் காற்று நுழையும் குழாயிலும் கேமிலும் இருந்தது. வராத காற்றை எந்த லேப்டாப்பும் ஊதித் தர முடியாது. டர்போ இல்லாத எஞ்சினில் ரீமேப் தந்தது சில குதிரைகள். மிச்சத்தை எக்ஸாஸ்ட் சத்தம் தந்தது. புரோட்டோனே பின்னால் கேமையும் குழாயையும் மாற்றியது.

2012இல் வந்த புரோட்டோன் பிரெவேக்கும் டர்போ கேம்ப்ரோ கிடைத்தது: 138 குதிரைசக்தி. கடுங்கோனுக்கு உண்மையான பொற்காலம் அப்போதுதான். பூஸ்ட் அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றி எழுதினாலே குதிரைகள் கூட்டமாக வரும். ஆனால் அழுத்தம் ஏறினால் எஞ்சின் 'நாக்' அடிக்கும், மானிய விலை ரோன் 95 பெட்ரோல் அதற்குத் தாங்காது. குதிரைகள் மானியம் இல்லாத 97தான் கேட்டன. வாங்கிக் கொடுத்தார்கள். திங்கட்கிழமை காலை ஜொகூர் பாரு நெரிசலில் அத்தனை குதிரைகளும் முதல் கியரில் நின்று அதைக் குடித்தன. பக்கத்தில் பழைய கஞ்சில் ஒன்று, 95 குடித்துக்கொண்டு அதே வேகத்தில்.