அமெரிக்காவில் கருத்து கந்தசாமி ஆவது எப்படி?

அமெரிக்காவுக்கு வந்து இறங்கும் தமிழருக்கு முன்பே வந்தவர்கள் எல்லாவற்றையும் சொல்லித் தருவார்கள். எந்தக் கடையில் நல்ல புளி கிடைக்கும், எந்த வங்கியில் கணக்குத் தொடங்கலாம், பனியில் கார் வழுக்கினால் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்புவது, எல்லாம். ஒன்றை மட்டும் மறந்துவிடுவார்கள். திங்கட்கிழமை காலை, ஆபீஸ் காபி மெஷின் பக்கத்தில், கையில் கோப்பையோடு ஒருவர் "நேத்து மேட்ச் பார்த்தீங்களா?" என்பார். "எந்த மேட்ச்?" என்று கேட்டீர்களோ, தீர்ந்தது கதை. அன்றிலிருந்து அவர் உங்களிடம் பனியைப் பற்றி மட்டும்தான் பேசுவார். நான் இரண்டு வருடம் பனியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவன். உங்களுக்கும் அந்தக் கதி வரக் கூடாது என்றுதான் இந்தக் கையேடு.

தேவையான பொருட்கள்: தொப்பி ஒன்று, உரத்த குரல், நல்ல ஞாபகமறதி. ஆட்டத்தின் விதிகள் தேவையில்லை. விதி தெரிந்தவர்கள் பாதி நேரம் வாயைத் திறப்பதில்லை. அவர்களைப் பார்த்துக் கெட்டுப்போகாதீர்கள்.

பாடம் 1: அணியைத் தேடாதீர்கள், அது அமையும்

ஜெயிக்கிற அணியாகப் பார்த்துப் பிடித்துக்கொள்ளலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 2024இலும் 2025இலும் பேஸ்பால் உலகத் தொடரை வென்றது. இப்போது போய் டாட்ஜர்ஸ் தொப்பி வாங்கினால், விருந்து முடியும் நேரத்தில் வந்து பாயசம் மட்டும் குடிக்கிறவரைப் பார்ப்பதுபோல உங்களைப் பார்ப்பார்கள். அணி என்பது மாமனார் வீடு மாதிரி. அமைந்தது அமைந்ததுதான். நீங்கள் குடியிருக்கும் ஊர் எதுவோ, அந்த ஊர் அணியே உங்கள் தலையெழுத்து.

அது தோற்கிற அணியாக இருந்தால் இன்னும் விசேஷம். பஃபலோ பில்ஸ் 1991 முதல் 1994 வரை தொடர்ந்து நான்கு முறை, அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் ஆடி நான்கிலும் தோற்றது. அந்த ஊர் ரசிகர்கள் இன்றும் மைதான வாசலில் மடக்கு மேசைகளைப் போட்டு, அதன்மேல் பாய்ந்து விழுந்து உடைக்கிறார்கள். கிளீவ்லாந்து பிரௌன்ஸ் 2017 சீசனில் ஆடிய 16 ஆட்டத்திலும் தோற்றது. 2018 ஜனவரியில், உறைய வைக்கும் குளிரில், ரசிகர்கள் ஸ்டேடியத்தைச் சுற்றி ஊர்வலமே போனார்கள். ஒரு வெற்றிகூட இல்லாத "அப்பழுக்கற்ற சீசனை"க் கொண்டாட!

விஸ்கான்சின் பக்கம் போனால் கொஞ்சம் பொறுமை வேண்டும். கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்கு முதலாளி என்று தனியாக ஒருவர் இல்லை. ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட பங்குதாரர்கள்தான் உரிமையாளர்கள். அந்தப் பங்குக்கு லாப ஈவு கிடையாது, லாபத்துக்கு விற்கவும் முடியாது. சுவரில் மாட்டி வைக்கலாம். சீசன் டிக்கெட்டுக்குக் காத்திருப்போர் பட்டியலில் ஒரு லட்சத்துக்கு மேல் பெயர்கள். பிறந்த குழந்தைக்குப் பெயர் வைத்த கையோடு பட்டியலிலும் பதிந்துவிடுகிறார்கள்.

பாடம் 2: இலக்கணம்

தமிழர்களுக்கு இது சுலபம். ஆங்கிலத்துக்கு இல்லாத வசதி நமக்கு உண்டு. அணி ஜெயித்தால் "நாம ஜெயிச்சுட்டோம்" என்று எதிரில் இருப்பவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஊர்க்காரரிடம் பேசும்போது "நாங்க ஜெயிச்சோம்" என்று அவரை வெளியே நிறுத்திவிடுங்கள். தோற்றாலோ, "அவனுங்க தோத்துட்டானுங்க". நாலே கால் மணிக்கு "நாம"வாக இருந்தவர்கள் நாலரைக்கு "அவனுங்க" ஆவதில் தவறே இல்லை.

பாடம் 3: கோச்சைத் தூக்கு

எந்த ஆட்டம், எந்த அணி, எந்த ஸ்கோர் என்று தெரியாவிட்டாலும் ஒரு வாக்கியம் எப்போதும் கைகொடுக்கும்: "முதல்ல அந்தக் கோச்சை மாத்தணும்." இதை மறுத்து யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

மாற்றுவதற்குச் செலவாகும், அதைப் பற்றி ரசிகன் ஏன் கவலைப்பட வேண்டும்? டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் கால்பந்து பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை நீக்கியது. ஒப்பந்தம் பாக்கி இருந்ததால் அவருக்குக் கொடுக்க வேண்டியிருந்த தொகை ஏழரைக் கோடி டாலருக்கு மேல். வேலை செய்ய அல்ல, வேலைக்கு வராமல் இருக்க! எழுத்துப்பிழை இல்லை, டாலர்தான். அதுவும் ஒரு பல்கலைக்கழகம்.

கோச்சைத் திட்டி அலுத்துவிட்டால் மேலாளரைத் திட்டலாம். 2025 பிப்ரவரி தொடக்கத்தில், பாதி நாடு படுக்கைக்குப் போன நேரத்தில், கூடைப்பந்து அணியான டாலஸ் மேவரிக்ஸ் தன் 25 வயது நட்சத்திரம் லூகா டான்சிச்சை லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டது. எட்டு மாதங்களுக்கு முன்புதான் அணியை இறுதித் தொடர்வரை கூட்டிப்போனவர் அவர். ரசிகர்கள் அரங்க வாசலில் சவப்பெட்டி வைத்து அழுதார்கள்; ஆட்டத்துக்கு ஆட்டம் மேலாளரை நீக்கச் சொல்லிக் கோஷம் போட்டார்கள். அந்த மே மாதம், புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசைக்கான, 1.8 சதவீத வாய்ப்பே இருந்த குலுக்கலில் டாலஸுக்கு முதல் இடம் விழுந்து, டியூக் பல்கலைக்கழகத்தின் கூப்பர் ஃபிளாக் வந்து சேர்ந்தார். ஒரே ஆண்டில் ஒப்பாரியும் ஆனந்தக் கண்ணீரும். நவம்பரில் மேலாளரும் போனார். கோஷம் பலிக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

பாடம் 4: ட்ராஃப்ட் ஜோசியம்

ஏப்ரலில் தொழில்முறைக் கால்பந்து அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். அந்த மூன்று நாளும் நீங்கள் ஜோசியர். "இவன் கையைப் பாருங்க, குவார்ட்டர்பேக் கையா இது?" என்று கேளுங்கள். டாம் பிரேடியை 2000ஆம் ஆண்டில் 199ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். அவர் வென்ற சூப்பர் பௌல் ஏழு. 2022இல் கடைசிக்கும் கடைசியாக, 262ஆவதாகப் பெயர் வாசிக்கப்பட்ட பிராக் பர்டி, இரண்டே ஆண்டில் சூப்பர் பௌலில் ஆடினார். சம்பளம் வாங்கும் நிபுணர்களே இந்த லட்சணம் என்றால், சம்பளம் வாங்காத உங்களை யார் கேட்கப் போகிறார்கள்?

பாடம் 5: கல்லூரி விளையாட்டுக்கு ஒப்பாரி

சனிக்கிழமை கல்லூரிக் கால்பந்து, ஞாயிற்றுக்கிழமை தொழில்முறைக் கால்பந்து. இரண்டுக்கும் தனித்தனிக் கருத்து வேண்டும். தொழில்முறைக்குக் கோபம், கல்லூரிக்குச் சோகம். "அந்தக் காலத்துல கல்லூரி விளையாட்டு இப்படியா இருந்துச்சு?" என்று பெருமூச்சு விடுங்கள். அந்தக் காலத்தில் நீங்கள் திருச்சியில் இருந்தது யாருக்கும் தெரியாது.

சோகத்துக்குக் காரணங்கள் தாராளமாகக் கிடைக்கும். பிக் டென் என்ற கூட்டமைப்பில் 18 பல்கலைக்கழகங்கள். பிக் ட்வெல்வில் 16. கணக்கு வாத்தியார் லீவு போலும். அட்லாண்டிக் கடற்கரை கூட்டமைப்பில் 2024 முதல் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் இருக்கின்றன. அவை இருப்பது பசிபிக் பக்கம். நூறாண்டு கண்ட பசிபிக் கூட்டமைப்பான பாக்-12 அந்த ஆண்டில் இரண்டே பல்கலைக்கழகங்களாகச் சுருங்கியது. பூகோள வாத்தியாரும் லீவு. எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான்: தொலைக்காட்சி ஒளிபரப்புப் பணம். அந்தப் பணத்துக்காகக் கலிஃபோர்னியாப் பிள்ளைகள் லீக் ஆட்டத்துக்கு நியூஜெர்சிவரை பறக்கிறார்கள். திரும்பி வந்து பரீட்சை எழுத வேண்டும்.

வீரர்களையும் விடாதீர்கள். 2021 ஜூலை முதல் அவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகமே நேரடியாகக் கொடுக்கலாம். ஒரு பல்கலைக்கழகத்துக்கு முதல் ஆண்டு வரம்பு ஏறக்குறைய இரண்டு கோடி டாலர். படிப்பில் தேறியிருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் கல்லூரி மாறி, மறு சீசனே ஆடலாம். "பிள்ளைகளுக்குப் பணத்தாசை வந்துடுச்சு" என்று புலம்ப வேண்டிய இடம் இது.

இங்கே மட்டும் கையேட்டை ஒரு நிமிடம் மூடி வைத்துவிட்டு என் சொந்தக் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மிச்சிகன் பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். இத்தனை பேர் டிக்கெட் வாங்கிப் பார்த்த ஆட்டத்தில் கோச்சுக்குப் பல லட்சம், ஒளிபரப்பாளருக்குப் பல கோடி, முழங்கால் உடைந்த பையனுக்குக் கல்விக் கட்டணமும் விடுதிச் சோறும் என்று பல பத்தாண்டுகள் நடந்தது. அப்போது பணத்தாசை யாருக்கும் இல்லாதது போலவும், இப்போது பையன்களுக்கு மட்டும் வந்துவிட்டது போலவும் பேசுவது அடாவடி. சரி, கையேட்டைத் திறக்கலாம்.

பாடம் 6: மார்ச் மாதக் கட்டம்

மார்ச்சில் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டி. 68 அணிகள். யார் யாரை வெல்வார் என்று காகிதத்தில் கட்டம் போட்டு எழுதி, ஆபீஸில் ஆளுக்குச் சில டாலர் பந்தயம் வைப்பார்கள். பிரதான 63 ஆட்டங்களையும் நாணயம் சுண்டிச் சரியாகச் சொல்ல உள்ள வாய்ப்பு 92 ஆயிரம் கோடி கோடிச் சொச்சத்தில் ஒன்று. ஆகவே, படித்துத் தெரிந்துகொள்வது வீண்.

2018இல் நான் படித்துத் தெரிந்துகொண்டேன். இரண்டு வாரம் புள்ளிவிவரம் பார்த்து, முதல் தரவரிசை பெற்ற வர்ஜீனியாதான் சாம்பியன் என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். முதல் சுற்றில் அதற்கு எதிரி யுஎம்பிசி. நம் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் எம்.எஸ். படிக்கப் போகும் இடம், சதுரங்கத்தில் பேர்பெற்றது. 16ஆம் தர அணி முதல் தர அணியை ஆண்கள் போட்டியில் வென்றதாக அதுவரை சரித்திரமே கிடையாது. வெள்ளிக்கிழமை இரவு தோசைத் தட்டோடு உட்கார்ந்தேன். பாதி ஆட்டத்தில் ஸ்கோர் 21–21. தோசை ஆறியது. முடிவில் 74–54. இருபது புள்ளி வித்தியாசத்தில் சதுரங்கக்காரர்கள் ஜெயித்தார்கள். திங்கட்கிழமை என் மேசையில் யாரோ ஒரு சதுரங்கக் குதிரையை வைத்திருந்தார்கள்.

மறு ஆண்டு, வைராக்கியமாக, வர்ஜீனியாவை இரண்டாம் சுற்றிலேயே வெளியேற்றி எழுதினேன். 2019 சாம்பியன்: வர்ஜீனியா.

ஆனால் ஒன்று, அந்தக் குதிரைக்குப் பிறகு என்னிடம் யாரும் பனியைப் பற்றிப் பேசவில்லை.

பாடம் 7: வெற்றியைத் தாங்குவது

2024 அக்டோபரில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகக் கால்பந்து அணி, நாட்டின் முதல் தர அணியான அலபாமாவை 40–35 என்று வென்றது; 1984க்குப் பிறகு முதல் முறை. ரசிகர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கி, திருவிழாவில் சாமி தூக்குவது போலத் தோளில் சுமந்து, நாஷ்வில் கடைவீதி வழியே கொண்டுபோய் கம்பர்லாந்து ஆற்றில் போட்டார்கள். விசர்ஜனம் என்பது நமக்கு மட்டும் தெரிந்த வித்தை இல்லை. ஃபிலடெல்ஃபியாவில் ஈகிள்ஸ் ஜெயித்தால் தெருவிளக்குக் கம்பங்களில் ஏறுவார்கள். 2018இல் காவல்துறையினர் முன்கூட்டியே கம்பங்களில் சமையல் கொழுப்பைப் பூசி வைத்தார்கள். நம் ஊரில் அதற்கு வழுக்கு மரம் என்று பெயர், பரிசும் உண்டு. யாரும் ஏறாமல் இருப்பார்களா?

எச்சரிக்கை

2010 நவம்பரில் அலபாமா 24–0 என்ற முன்னிலையைக் கோட்டைவிட்டு, ஆபர்னிடம் 28–27 என்று தோற்றது. ஆத்திரம் தாங்காத அலபாமா ரசிகர் ஒருவர், ஆபர்ன்காரர்கள் வெற்றியைக் கொண்டாடும் இரண்டு ஓக் மரங்களுக்கு விஷம் வைத்தார். வைத்ததோடு நிற்காமல் வானொலி நிகழ்ச்சிக்குப் போன் போட்டுப் பெருமையடித்தார். சிறைக்குப் போனார். மரங்கள் பட்டுப்போயின. கருத்து வாயோடு இருக்கும்வரைதான் கருத்து.

ஐயம் தெளிதல்

நடுவர் நம் அணிக்குச் சாதகமாகத் தவறு செய்தால்? "ஆட்டம்னா அப்படித்தான்."

எதிரணிக்குச் சாதகமாகச் செய்தால்? நியூ ஆர்லியன்ஸ் ரசிகர்கள் 2019இல் நீதிமன்றத்துக்கே போனார்கள்.

அணி ஊரைவிட்டே போய்விட்டால்?

இதற்குக் கையேட்டில் பதில் இல்லை. வீரர் கல்லூரி மாறலாம், கோச் ஊர் மாறலாம், முதலாளி அணியையே மூட்டை கட்டலாம். மாற முடியாத ஒரே ஆள் ரசிகன். ஓக்லாந்து ஊரிலிருந்து 2019இல் கூடைப்பந்து அணி போனது, 2020இல் கால்பந்து அணி போனது. 2024 செப்டம்பர் 26ஆம் தேதி பேஸ்பால் அணியான ஏஸ் தன் கடைசி உள்ளூர் ஆட்டத்தை ஆடி 3–2 என்று ஜெயித்தது. பார்க்க வந்தவர்கள் 46,889 பேர். ஆட்டம் முடிந்தபின் பலர் வீட்டுக்குப் போக மனமில்லாமல் அங்கேயே நின்றார்கள். சிலர் மைதானத்து மண்ணைக் கோப்பையில் வாங்கிக்கொண்டு போனார்கள்.